பேனாச் சத்தம்

பேனா மறுபடியும் நின்றுவிட்டது. நிற்கட்டும். நன்றாக, ஆற அமர, காலை நீட்டிக்கொண்டு நிற்கட்டும், யாருக்கு என்ன அவசரம் என்று அரசி பல்லைக் கடித்தாள். 'பல்லவர்கள் முதலில் பாறைகளைக் குடைந்து கோயில் அமைத்தார்கள்' என்று அவள் சொல்லி முடித்தாயிற்று. எதிரில் இருந்த பேனா பாறை வரைக்கும் சரசரவென்று வந்து, பாறையைக் கண்டதும் குந்திக்கொண்டது. குடைய வேண்டாமா? ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் உளியை வைத்து அவர்கள் மலையையே குடைந்துவிட்டார்கள், இங்கே ஒரு ரீஃபிலை வைத்து ஒரு வார்த்தையைக் குடைய முடியவில்லை. பிறகு மெல்ல, ஒரு பெருமூச்சும் வளையல் சத்தமுமாகப் பேனா கிளம்பியது. அரசிக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. பரீட்சை என்றால் அவள் வாயால் சொல்ல, இன்னொருத்தர் கையால் எழுத வேண்டும். அந்த இன்னொருத்தர் அவளைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. வழக்கமாக எழுதுகிற நிரோஷா, இரண்டாம் வருஷத்துப் பெண், நேற்று அம்மை போட்டுப் படுத்துவிட்டாள். காலை ஒன்பதரை மணிக்கு ஆபீஸில் இங்கே ஓடி அங்கே ஓடிக் கடைசியில் கொண்டுவந்து உட்காரவைத்தது கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைப் பாண்டியம்மாளை. ப்ளஸ் டூ பாஸ், அத்தோடு படிப்பு நின்று இருபது வருஷம். இருபது வருஷமாக மிஷின் பட்டனை அழுத்திய கை. பேனா பிடித்து எவ்வளவு நாளாச்சுக்கா என்று அரசி கேட்டதற்கு, ரேஷன் கடையில கையெழுத்துப் போடுவேனே என்று அந்த அம்மாள் வெகுளியாகச் சொன்னார்.

இது விலங்கியல் ஆய்வகம். மற்றவர்களெல்லாம் மாடியில் வரிசை வரிசையாக எழுத, வாய்விட்டுச் சொல்கிறவளுக்குத் தனி அறை வேண்டுமே என்று இங்கே தள்ளிவிட்டிருந்தார்கள். ஜாடிகளில் என்னென்னவோ செத்ததெல்லாம் ஊறிக்கொண்டிருக்கிற நெடி, மூக்கின் உள்பக்கம் காந்தியது. சித்திரை வெயில் வேறு. தலைக்கு மேலே ஃபேன் இருந்தது, ஓடவில்லை. காலையிலேயே நிறுத்தச் சொன்னது அரசிதான். மேற்பார்வைக்கு வந்திருந்த இயற்பியல் துறைக் கதிரேசன் சாருக்கு அது பிடிக்கவில்லை, ஏம்மா மூணு பேரும் வெந்து சாகணுமா என்று கேட்டார். ஃபேன் சுற்றினால் பேனாச் சத்தம் கேட்காது சார் என்றாள். அதைக் கேட்டு நீ என்ன பண்ணப்போறே என்றார். என்ன பண்ணுவதா? அவளுக்கென்று இருக்கிற ஒரே விடைத்தாள் அந்தச் சத்தம்தானே. கை எங்கே ஓடுகிறது, எங்கே திணறுகிறது, எங்கே வரி முடிந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தாவுகிறது, எப்போது தாள் புரள்கிறது, எல்லாம் காதில் வந்து விழுந்தால்தான் உண்டு. மடியில் வைத்திருந்த கைக்கடிகாரத்தின் மூடியைத் திறந்து முள்ளைத் தடவினாள். பேசுகிற கடிகாரத்துக்கு அனுமதி இல்லை, தடவிப் பார்க்கிற கடிகாரத்துக்கு உண்டு. பதினொன்றே கால். மற்றவர்களுக்கு மூன்று மணி நேரம் என்றால் அவளுக்கு மணிக்கு இருபது நிமிஷம் கூடுதல், ஆக இரண்டு மணி வரைக்கும் எழுதலாம். நிரோஷாவின் கை நிமிஷத்துக்குப் பதினாலு வார்த்தை. அந்தப் பதினாலை வைத்துத்தான் ஒரு மாசமாக அரசி கணக்குப் போட்டிருந்தாள்: இரண்டு மார்க்குக்கு இரண்டு வாக்கியம், ஐந்து மார்க்குக்கு எட்டு, பத்து மார்க்குக்கு இருபது, முழுத் தாளும் முடிந்து பத்து நிமிஷம் மிச்சம். பாண்டியம்மாளின் கை நிமிஷத்துக்கு ஒன்பது. ஒன்பதுதான், முதல் நாலு கேள்வியிலேயே எண்ணிவிட்டாள். ஒரு மாசத்துக் கணக்கும் கிழிஞ்சுது போ.

இத்தனைக்கும் இது முதல் வருஷத் தாள். தமிழக வரலாறு, ஒன்று. மூன்று முறை எழுதி மூன்று முறையும் கோட்டை விட்டது. மற்ற எல்லாத் தாளும் பாஸ், சிலதில் வகுப்பிலேயே முதல், இது ஒன்று மட்டும் செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி கூடவே வருகிறது. முதல் தடவை பத்தொன்பது மார்க். ஹாஸ்டலில் எல்லாரும் நம்பவில்லை, அரசியா, பேச்சுப் போட்டி அரசியா என்று கேட்டார்கள். அங்கேதான் வினையே. பள்ளிக்கூடத்திலிருந்து மேடையில் பேசிப் பேசி வளர்ந்த வாய் அது. மைக்கைப் பிடித்தால் கைதட்டல் வாங்காமல் விடமாட்டாள், ஏழு கோப்பை வாங்கியிருக்கிறாள், அவள் தொட்டுப் பார்த்தே எது எந்த ஊர்க் கோப்பை என்று சொல்லிவிடுவாள். பரீட்சையிலும் அதே வாயைத்தான் திறந்தாள். அலைகடல் சூழ்ந்த, ஆன்றோர் போற்றிய, அருந்தமிழ் வளர்த்த என்று அவள் இழுக்க இழுக்க எதிரில் இருந்த பெண் பாவம் எங்கே எழுதுவது எங்கே விடுவது என்று தெரியாமல், மூவேந்தர் வந்து சேர்வதற்குள் முதல் மணி அடித்துவிட்டது. ஒரு பத்து மார்க் கேள்விக்கு ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். கடைசி மூன்று கேள்வியைத் தொடவே இல்லை. அப்புறம் அந்த வரி இருக்கிறதே, அவளுடைய அந்த வரி, மண்ணுக்குள் போன மன்னர்கள் மறைந்துபோனார்கள், கல்லுக்குள் போன சொற்களோ காலத்தை வென்று நிற்கின்றன, அதைச் சொல்லாமல் ஒரு விடையையும் முடித்ததில்லை. சேரனுக்கும் அதுதான், நாயக்கருக்கும் அதுதான். பதிமூன்று வயதில் அவளாக உண்டாக்கிய வரி. ஏழு கோப்பையில் ஐந்தையாவது அந்த வரிதான் வாங்கிக் கொடுத்தது. சொன்னதும் ஒரு நொடி அரங்கமே மூச்சை அடக்கும், பிறகு மழை கொட்டுகிற மாதிரி கைதட்டல். பரீட்சை அறையில் யார் கைதட்டுவார்கள்? இரண்டாம் தடவை இருபத்தாறு. மூன்றாம் தடவை இருபத்தெட்டு. முப்பது இருந்தால் பாஸ். அந்த இரண்டு மார்க்கை நினைக்கும்போதெல்லாம் யாரையாவது அடிக்க வேண்டும் போலிருக்கும், யாரை அடிப்பது என்றுதான் தெரியாது.

அறைத்தோழி பிரிஸ்கில்லாதான் அந்த ரிசல்ட் வந்த அன்றைக்கு முகத்துக்கு நேரே சொன்னாள், நீ சொல்றதுல பாதி காத்துடி என்று. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அரசியே போய், எந்தப் பாதி என்று கேட்டாள். அதிலிருந்து தினமும் சாயங்காலம் அரை மணி, அரசி சொல்ல பிரிஸ்கில்லா எழுதுவாள், எழுதி முடித்ததும் எதை எடுத்தால் விஷயம் குறையாது என்று இருவரும் சண்டை போடுவார்கள். முருங்கைக்கீரை ஆய்கிற மாதிரி காம்பு காம்பாகப் போயிற்று. அருந்தமிழ் போயிற்று, ஆன்றோர் போனார்கள். ஒவ்வொன்றும் போகும்போது வலித்தது, பொய் சொல்வானேன். தன் வாயைத் தானே கட்டிக்கொள்கிற மாதிரி இருந்தது. ஆனால் ஒரு நாள் ஐந்து மார்க் விடையை எட்டு வாக்கியத்தில் சொல்லி முடித்துக் கடிகாரத்தைத் தடவினால் எட்டே நிமிஷம், பிரிஸ்கில்லா வாசித்துக் காட்டினால் எதுவும் குறையவில்லை. அன்றைக்கு அரசிக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது, இவ்வளவுதானா, இவ்வளவு நாள் மீதியெல்லாம் எதற்குச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று. அந்த ஒரு வரியை மட்டும் அவள் விடவில்லை, பிரிஸ்கில்லா கேட்டபோது அது இருக்கட்டும்டி என்றாள், நேரம் மிஞ்சினால் கடைசியில் ஒரே ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன், அதுகூட இல்லாவிட்டால் தாளில் என்னுடையது என்று என்னதான் இருக்கும் என்று கேட்டாள்.

தாள் புரண்டது. அரசிக்குச் சுரீர் என்றது. இப்போதுதானே புரண்டது? அதற்குள் இன்னொன்றா? எண்ணிக்கொண்டே வந்தாள், இது ஆறாவது. நிரோஷாவுக்கு இந்நேரம் மூன்று தடவை புரண்டிருக்கும், அதுவும் அவள் வேகத்துக்கு. இந்த அம்மாளோ ஆமை வேகத்தில் எழுதுகிறார், தாள் மட்டும் குதிரை வேகத்தில் ஓடுகிறது. ஆனை ஆனையாக எழுதுகிறார் போல. சின்னப் பிள்ளைகள் இரட்டைக்கோடு நோட்டில் எழுதுகிற மாதிரி ஒரு வரிக்கு மூன்று வார்த்தை. இருபது வருஷம் எழுதாத கை அப்படித்தான் எழுதும். விடைத்தாள் திருத்துகிறவர் பார்த்து என்ன நினைப்பார், பக்கத்தை ரொப்புகிறாள் என்று நினைப்பார், காலேஜ் பெண்ணா ஒண்ணாங்கிளாஸ் பெண்ணா என்று சிரிப்பார், அந்தச் சிரிப்பிலேயே இரண்டு மார்க் போய்விடும், சரியாக அந்த இரண்டு மார்க். பாண்டியம்மாளின் நெற்றி வியர்வை தாளில் விழுந்து மை பரவியிருக்குமோ என்று வேறு ஒரு பயம் வந்தது. வாங்கிப் பார்க்கவா முடியும்? விரலால் தடவினால் மேடு பள்ளமில்லாத வழவழத் தாள், யார் எழுதினாலும் எதுவும் எழுதாவிட்டாலும் ஒரே மாதிரி. மூன்று வருஷத்தில் முப்பத்தைந்து பரீட்சை எழுதியிருக்கிறாள், எழுதிய ஒரு பக்கத்தை அவளால் அறிய முடிந்ததில்லை. அக்கா, எழுத்தைக் கொஞ்சம் சின்னதா எழுதுங்களேன் என்று சொன்னாள். குரலில் எள்ளும் கொள்ளும் வெடித்ததை அவளாலேயே கேட்க முடிந்தது. பாண்டியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எழுதறதைத் தவிர வேற பேச்சு வேண்டாம், அப்புறம் எம்மேல கம்ப்ளெயின்ட் வரும் என்று கதிரேசன் சார் அதட்ட, சரிம்மா என்று மட்டும் ஒரு சின்னக் குரல் வந்தது.

சின்னதாக எழுதச் சொன்னதில் என்ன ஆயிற்று என்றால், ஒன்பது ஏழாயிற்று. முதலில் அரசிக்குப் புரியவில்லை. பேனா இப்போது கீறாமல் ஊர்ந்தது, எறும்பு ஊர்கிற அளவுக்குத்தான் சத்தம், அவள் முன்னால் சாய்ந்து சாய்ந்து கேட்க வேண்டியிருந்தது. தாள் புரள்கிற நேரம் கொஞ்சம் தள்ளிப்போனது உண்மை, அதைவிடக் கடிகாரம் வேகமாக ஓடியது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று உள்ளங்கை வியர்த்தது. திரும்பப் பெரிதாகவே எழுதுங்கள் என்று சொல்லலாமா? சொன்னால் இது என்னடா பைத்தியம், நிமிஷத்துக்கு ஒன்று சொல்கிறது என்று நினைக்க மாட்டாரா? நினைத்தால் என்ன? மானம் பார்க்கிற நேரமா இது? ஆனாலும் வாய் வரவில்லை. ஏழு கோப்பை வாங்கிய வாய். அதற்குப் பதிலாக வாக்கியங்களை இன்னும் வெட்டினாள். நாயக்கர் பாளையப்பட்டு பற்றிய ஐந்து மார்க்கை எட்டு வாக்கியத்திலிருந்து ஆறாக்கினாள், ஆறிலும் ஒன்றை மென்று விழுங்கினாள். இப்படி வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் பாளையமும் பட்டும் தனித்தனியாகத்தான் கிடக்கும். அப்பா முடிவு பண்ணி வைத்திருக்கிறார், அதுவேறு நினைவுக்கு வந்து தொலைத்தது. இந்த அரியர் போனால் டிகிரி, டிகிரி வந்தால் பி.எட்., இடம்கூடத் தயாராக இருக்கிறது, ஜூன் கடைசிக்குள் சான்றிதழ் காட்ட வேண்டும். போகாவிட்டால் ஊருக்கு வந்துடு தாயி, சித்தப்பா கம்பெனியில ஊதுபத்தி உருட்டலாம், கண்ணு தேவையில்லாத வேலை என்றார். ஆசையாகத்தான் சொன்னார், அதுதான் தாங்கமுடியவில்லை. ஒருநாள் லீவில் போய் உருட்டியும் பார்த்தாள். கை சுலபமாகப் பழகிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்கள், அட, எங்களைவிட நல்லா உருட்டுதே இந்தப் பொண்ணு என்றார்கள். அந்தப் பாராட்டைக் கேட்டு வீட்டுக்கு வந்து அழுதாள். மல்லிகை வாசனை இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை, எதைச் சாப்பிட்டாலும் மல்லிகை.

ஒரு மணிக்கு மணி அடித்தது. மாடியில் நாற்காலிகள் இழுபட்டன, படிக்கட்டில் செருப்புகள் தடதடவென்று இறங்கின, மூணாவது கேள்வி சிலபஸ்லயே இல்லடா என்று ஒருத்தன் கத்திக்கொண்டு போனான், யாரோ கூட்டமாகச் சிரித்தார்கள். பத்து நிமிஷத்தில் எல்லாம் அடங்கிக் கல்லூரியே காலியாகிவிட்டது. இனி மணி அடிக்காது. இந்தக் கூடுதல் ஒரு மணி நேரம் அவளுக்கென்று ஒதுக்கியது, அதில் அவளும் ஏழு வார்த்தைக் கையும் தூங்கி வழிகிற ஒரு சாரும்தான். பதினேழாவது கேள்வி போய்க்கொண்டிருந்தது, இது பத்து மார்க், இதற்குப் பிறகு பதினெட்டு, அதுவும் பத்து, அதுதான் அவளுக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி, சோழர் காலக் கிராம நிர்வாகம். இனிப்பைக் கடைசியில் சாப்பிடுகிற மாதிரி அதைக் கடைசிக்கு வைத்திருந்தாள். முட்டாள்தனம். தெரிந்ததை முதலில் எழுது என்று பிரிஸ்கில்லா படித்துப் படித்துச் சொன்னாளே. சரி, பார்க்கலாம். அவள் சொல்ல, பேனா ஊர, அவள் காத்திருக்க, காத்திருக்கிற அந்த இடைவெளியில் மனசு எங்கெங்கோ போய் வந்தது. பார்வையற்றோர் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில், சட்டத்தில் தாளை மாட்டி ஊசிக் கம்பியால் டக் டக் டக்கென்று குத்திப் பிரெய்லி எழுத்தில் அவளே எழுதுவாள். முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் குத்தினால் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். எழுதி முடித்துத் திருப்பினால் சொன்னது அத்தனையும் விரலுக்குக் கீழே. தன் கையால் எழுதித் தன் கையால் படித்த காலம். இப்போது அவள் சொல்வது காற்றில் போய், இன்னொருத்தர் காதில் விழுந்து, அவர் கை வழியாக இறங்கி, அங்கே என்னவாகக் கிடக்கிறதோ.

பதினேழு முடிந்தது. அடுத்த கேள்விக்குப் போகலாம்க்கா என்றாள். தாள் புரளவில்லை. பாண்டியம்மாள் விடைத்தாளை முன்னும் பின்னும் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"தாள் தீர்ந்துபோச்சும்மா" என்றார் பாண்டியம்மாள்.

அரசிக்கு ஒரு நிமிஷம் காது அடைத்துக்கொண்டது. முப்பத்திரண்டு பக்கம். நிரோஷா மொத்தப் பரீட்சையும் எழுதினாலும் இருபதைத் தாண்டாது. முப்பத்திரண்டு பக்கத்தையும் இந்த மனுஷி, அதுவும் சின்ன எழுத்தில்? சார், கூடுதல் தாள் வேண்டும் என்று எழுந்தே விட்டாள், ஸ்டூல் பின்னால் சரிந்து விழுந்தது. கதிரேசன் சார் விழித்துக்கொண்டு, கூடுதல் தாளெல்லாம் இப்போது கிடையாதம்மா, ஒரு புத்தகம்தான் என்று சொல்லிக்கொண்டே வந்து விடைத்தாளை வாங்கிப் புரட்டினார். புரட்டினார், நின்றார், மறுபடி முதலிலிருந்து புரட்டினார். பிறகு, என்னம்மா இது, ஒவ்வொரு தாள்லயும் ஒரு பக்கம்தான எழுதியிருக்கு, பின்னால பூரா வெள்ளையாக் கிடக்கே என்றார். அரசிக்குப் புரியவில்லை. பாண்டியம்மாளுக்கு அவர்கள் இருவருக்கும் ஏன் புரியவில்லை என்பது புரியவில்லை.

"பின்னாடி எழுதினா நிழல் விழும்லம்மா" என்றார் பாண்டியம்மாள் மெதுவாக. "முன்னாடி எழுதினதும் சேர்ந்து கருப்புக் கருப்பா வந்துரும். நம்ம கடைக்கு வர்ற பிள்ளைகளுக்கெல்லாம் நாந்தான் சொல்லுவேன், ஒரு பக்கம் எழுதுங்க, அப்பதான் காப்பி சுத்தமா வரும்னு."

தலையில் அடித்துக்கொள்ளலாம், சிரிக்கலாம், விழுந்த ஸ்டூலை இன்னொரு உதை உதைக்கலாம். அரசி எதையும் செய்யாமல் நின்றாள். எழுத்து பெரிசா இருக்கா சார் என்று மட்டும் கேட்டாள். இல்லம்மா, முத்து முத்தா இருக்கு, எங்க பசங்க இப்படி எழுதினா நான் ஏன் கண்ணாடி மாத்தறேன் என்றார் அவர். கடைசிப் பத்துப் பக்கம்தான் கொசு மாதிரி பொடியா இருக்கு. அந்தக் கொசு அவளுடைய கைங்கரியம். இரண்டு மணி நேரமாக நிமிஷத்துக்கு இரண்டு வார்த்தை வீதம் அவளே தின்றிருக்கிறாள், அந்த அம்மாளின் தலையில் பழியைப் போட்டுக்கொண்டு. வெட்கம் காது மடல் வரைக்கும் சுட்டது. அதோடு வேறொன்றும் நினைவு வந்தது: அவளும் அப்படித்தான். பள்ளியில் சட்டத்தை வைத்துக் குத்தும்போது பின்பக்கம் எழுதினால் முன்பக்கப் புள்ளிகள் நசுங்கிவிடும், ஒரு பக்கம்தான் எழுதுவார்கள், பன்னிரண்டு வருஷம் அவள் ஒரு பக்கம்தான் எழுதினாள். இதை இன்றைக்கு அவளே எழுதியிருந்தால் அவளும் இதையே செய்திருப்பாள். ஸ்டூலைத் தேடித் தூக்கி நிறுத்தி உட்கார்ந்தாள். முள்ளைத் தடவினாள். ஒன்று இருபத்து நாலு. முப்பத்தாறு நிமிஷம்.

அக்கா, முதல் தாளைத் திருப்புங்க, பின்பக்கத்தில் ஆரம்பிக்கலாம், எழுத்தைப் பழையபடியே எழுதுங்க என்றாள். நிழல் தெரியுதேம்மா என்று பாண்டியம்மாள் தயங்கினார். தெரியட்டும்க்கா, இது மிஷினுக்குப் போகவில்லை, ஒரு மனுஷன் கண்ணுக்குத்தான் போகிறது என்றாள். சொல்லத் தொடங்கினாள். சோழர் காலத்தில் கிராமங்கள் தம்மைத் தாமே ஆண்டுகொண்டன. பேனா கிளம்பியது, கீறியது, ஓடியது, அப்பாடா, ஒன்பது. உத்திரமேரூர்க் கல்வெட்டு இதற்குச் சான்று. முதலாம் பராந்தகன் காலத்தில் அது வெட்டப்பட்டது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. இவள் ஒன்றைச் சொல்லிப் பேனா அதை எழுதி முடிப்பதற்குள் அடுத்ததை மனசுக்குள் கழற்றிப் பார்த்து, வேண்டாததை எடுத்துவிட்டு, தயாராக வைத்துக்கொண்டாள். மாண்புமிகு என்று ஒன்று வந்தது, வேண்டாம் போ. தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதினார்கள். ஓலைகளைக் குடத்தில் இட்டார்கள். எல்லார் முன்னிலையிலும் ஒரு சிறுவன் ஒன்றை எடுத்தான். அந்தச் சிறுவனுக்கு எழுத்து தெரிந்திருக்காதோ, தெரியாதவன் கைதான் வேண்டும் என்று வைத்தார்களோ, அட, இது இப்போது எதற்கு, அப்புறம் யோசி. ஏரியைக் கவனிக்க ஒரு வாரியம் இருந்தது. தோட்டத்தைக் கவனிக்க ஒன்று. தாள் புரண்டது, சரியாகப் புரண்டது. நடுவில் ஒரு இடத்தில் பேனாவின் மை தீர்ந்து வெறும் கீறலாகக் கேட்க, நிறுத்துங்க, பேனாவை மாத்துங்க என்று பாண்டியம்மாளுக்கு முன்னால் அவளே சொல்லிவிட்டாள். கதிரேசன் சார் தன் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். புதுப் பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது. எரிச்சல் போய்விட்டதா என்றால் போகவில்லை, எல்லாம் அடிவயிற்றில் அப்படியே கனன்றுகொண்டுதான் இருந்தது, அதைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை, அவ்வளவுதான். பதினைந்து வாக்கியம். பதினாறு. இந்த முறை ஒவ்வோர் ஆண்டும் நடந்தது. ஒருமுறை பதவியில் இருந்தவர் உடனே மீண்டும் வர முடியாது. ஆகவே அதிகாரம் ஒரு குடும்பத்திலேயே தங்கவில்லை. முற்றுப்புள்ளி.

பேனா நின்றது. இந்தத் தடவை முடித்துவிட்டு நின்றது. அரசி முள்ளைத் தடவினாள், இரண்டு மணிக்கு இன்னும் மூன்று நிமிஷம். மூன்று நிமிஷம் மிஞ்சியிருக்கிறது. உடம்பெல்லாம் லேசாகி, வியர்வையில் குளிர்ந்து, நாக்கு அவளைக் கேட்காமலே மேடையேறிவிட்டது: மண்ணுக்குள் போன மன்னர்கள் மறைந்துபோனார்கள். பாண்டியம்மாளின் பேனா பாய்ந்தது. காலையிலிருந்து இப்படிப் பாய்ந்ததே இல்லை, எங்கும் தயங்காமல், அவள் குரலோடு கூடவே ஓடி வந்தது, வளையல்கூடச் சந்தோஷமாகக் குலுங்கியது. அந்த அம்மாளுக்குப் பிடித்துவிட்டது. அரசிக்குக் கழுத்தெல்லாம் சிலிர்த்தது, பழைய அரங்கம் மூச்சை அடக்குகிற அந்த ஒரு நொடி. கல்லுக்குள் போன சொற்களோ என்று வாயெடுத்தவள் அங்கேயே நின்றாள். கல்லுக்குள் போன சொற்கள் சரி, பின்பக்கத்துக்குப் போன சொற்கள்? திருத்துகிறவர் ஒரு நாளைக்கு எத்தனை தாள் பார்க்கிறாரோ, புரட்டிக்கொண்டே வருவார், ஒரு பக்கம்தான் எழுத்து, பின்னால் வெள்ளை, பின்னால் வெள்ளை, கடைசிப் பக்கத்தில் பதினேழாம் கேள்வி முடிந்திருக்கும், மூடிவிடுவார். முதல் தாளின் முதுகில் ஒரு பத்து மார்க் உட்கார்ந்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? தெரிவித்தாளா? ஆரம்பிக்கும்போதே எழுதச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. பக்கத்துக்குப் பக்கம் கேள்வி எண்கூடப் போடச் சொல்லவில்லை.

"அக்கா, நிறுத்துங்க" என்றாள். "அந்த வரியை அடிச்சிடுங்க."

பேனா நின்றது. "ஏம்மா? காலையிலேர்ந்து எழுதினதுலயே இதுதான்மா நல்லா இருந்துச்சு."

"நல்லாத்தான்க்கா இருக்கும். அடிங்க."

இடது கோடியிலிருந்து வலது கோடி வரைக்கும் ஒரே கோடாகப் பேனா இழுபட்ட சத்தத்தை அரசி முழுசாகக் கேட்டாள். அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது. இந்த விடை எழுதின ஒவ்வொரு பக்கத்திலும் மேலே பதினெட்டு என்று போடுங்க, போட்டாச்சா, இப்போது கடைசிப் பக்கத்துக்குப் போங்க, பதினேழு முடிகிற இடத்துக்குக் கீழே, இடம் இருக்கிறதா, இருக்கிறது என்றார் பாண்டியம்மாள், எழுதுங்க என்றாள். பதினெட்டாம் வினாவின் விடை முதல் தாளின் பின்பக்கத்தில் தொடங்குகிறது. கதிரேசன் சார் எழுந்து வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. பேனா எங்கேயும் நிற்காமல் அந்த வரியை எழுதி முடித்தது.